தண்ணீர்ப் பூங்காவின் கடைமடை

தண்ணீரின் அருமையைப் பற்றி வெள்ளகோவில்காரர்களுக்கு உபந்நியாசம் செய்ய வெளியூரிலிருந்து ஒருவரும் வரவேண்டிய அவசியமில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம் என்கிற பிரம்மாண்டமான ஏற்பாட்டில், மேற்கு மலைகளில் பெய்கிற மழை அணைக்கு அணை தாவி, சுரங்கம் புகுந்து, திருமூர்த்தி அணையில் வந்து இறங்கி, அங்கிருந்து கால்வாய் வழியாக ஊர் ஊராய் க்ஷேமலாபம் விசாரித்துக்கொண்டு நடந்து, இனி ஓர் அடி எடுத்துவைக்கத் தெம்பில்லை என்று கால் ஓய்ந்து உட்காருகிற இடம் எங்கள் வெள்ளகோவில் கிளைக் கால்வாய். வட்டமலைக்கரை ஓடையின் குறுக்கே எங்களுக்கென்று ஓர் அணையும் உண்டு. ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் வறண்டு கிடந்த அந்த அணைக்கு 2021-ஆம் ஆண்டில் தண்ணீர் வந்து சேர்ந்தபோது, தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களைப் போல ஜனங்கள் குடும்ப சகிதமாகப் போய் அதைத் தரிசனம் செய்து வந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட பிரதேசத்து மனிதர்கள், கோடை விடுமுறை பிறந்ததும், தங்களைத் தண்ணீரில் உருட்டிவிடுவதற்காக இன்னொருவருக்குப் பணமும் கொடுத்து, அந்தப் பணத்தைக் கொடுப்பதற்காக வெயிலில் வரிசையிலும் நிற்கிறார்கள் என்றால், அதை விளக்க எந்தச் சாஸ்திரத்தைப் புரட்டுவதென்று தெரியவில்லை. காரணகர்த்தாக்கள் பேரக்குழந்தைகள் என்று மாத்திரம் எனக்குத் தெரியும். திருப்பூரிலிருந்து மகள் வீட்டுக் குழந்தைகள் வந்து இறங்கிய மறுநாள் காலையில், தென்னந்தோப்பையும் கன்றுக்குட்டியையும் அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, "அப்புச்சி, தண்ணிப் பார்க்குக்கு எப்பப் போறமுங்க?" என்று கேட்கும்போது, அந்த 'எப்ப' என்ற வினாவில், போவதா வேண்டாமா என்கிற விவாதம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வைபவம் நேற்றுத் தோன்றியதன்று. சென்னைக் கடற்கரையோரத்தில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்குப் போய், எவ்வளவு சேஷ்டை செய்தாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றுத் திரும்பியவர்கள் எங்கள் தலைமுறையில் அநேகர். வீட்டுச் சாமான்களைத் தவணையில் கொடுத்துத் தமிழ்நாட்டுக்குக் கடன்வாங்கும் தைரியத்தைக் கற்பித்த அதே குடும்பத்தார்தாம் அந்த உல்லாசத்தையும் ஏற்படுத்தினார்கள் என்பது யோசிக்கத்தக்கது. பிறகு, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை 1984-இல் கொடுத்த நவோதயா அப்பச்சன் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவை அமைத்தார். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்றுப் பேரெடுத்த கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் வீகாலாந்தைத் திறந்தார். அதுவே வளர்ந்து வொண்டர்லாவாகி, 2025 டிசம்பரில் 600 கோடிக்கு மேற்பட்ட முதலுடன் திருப்போரூர்ப் பக்கம் வரை வந்துவிட்டது. எங்கள் கொங்கு நாட்டுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், சிறுவாணிச் சாலையில் கோவைக் கொண்டாட்டம் என்று சொந்தச் சொத்துக்கள் உண்டு. நாங்கள் போன இடம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே சொன்னவற்றுள் ஒன்று என்று வாசகர்கள் ஊகிக்க வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

வாசலிலேயே ஒரு தர்மசங்கடம். நீரில் இறங்குகிறவர்கள் நைலான் உடைதான் அணியவேண்டும், பருத்தி கூடாது என்பது இம்மாதிரி இடங்களின் பொது விதி. நூல் பிரிந்து போய்ச் சுத்திகரிப்பு யந்திரத்தை அடைத்துவிடுமாம். உலகத்துக்கே பருத்திப் பனியன் தைத்துக் கொடுக்கிற ஜில்லாவிலிருந்து, உள்ளே பனியனும் வெளியே கதர் வேஷ்டியுமாகப் புறப்பட்டுப் போன என்னைப் பார்த்து, காவற்காரர் மரியாதையாகத்தான், "பெரியவரே, நீங்க தண்ணிக்குள்ள எறங்க மாட்டீங்கல்ல?" என்று விசாரித்தார். இறங்கமாட்டேன் என்றேன். அந்தக் கணத்தில் நான் குடும்பத்தின் செருப்புகளுக்கும் துண்டுகளுக்கும் கைப்பேசிகளுக்கும் தர்மகர்த்தாவாக நியமிக்கப்பட்டேன். எந்தத் தண்ணீர்ப் பூங்காவிலும் நிழல் உள்ள இடத்திலெல்லாம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இப்படி ஒரு செருப்புக் குவியலைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் காணலாம். பூங்காவின் நிர்வாகம் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல், இவர்களிடமே டிக்கெட்டும் வாங்கிக்கொள்கிறது.

அன்றைய கூட்டத்தை வர்ணிப்பது கடினம். மாசியில் எங்கள் வீரக்குமாரசாமி கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற கூட்டத்தை நான் அறிவேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு, தேர் போகும் பக்கம் எல்லோரும் போவார்கள். இங்கோ, ஏணிப்படி ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் சாப்பாட்டுக்குப் போகிற கூட்டமும் காணாமற்போன பிள்ளையைத் தேடுகிற கூட்டமும் நாற்சந்தியில் சந்தித்து ஒன்றையொன்று க்ஷேமம் விசாரித்துக்கொண்டிருந்தன. சறுக்குக் குழாயில் வழுக்கி விழுவதற்கு மூச்சு இழுத்து விடுகிற நேரம் போதும். அந்த வைபவத்துக்காகப் படிக்கட்டில் ஈரத்தோடு நின்ற நேரத்தில் என் பேரன் காய்ந்தே போய்விட்டான். அலைக்குளத்தில் சங்கு ஊதி அலை எழுப்பியபோது, அலை எழுந்ததென்று சத்தியம் செய்பவர்கள் இருக்கலாம். கரையிலிருந்து பார்த்த எனக்கு எழுந்தவை தலைகள்தாம்.

இந்த இடத்தில் என் சகலையை அறிமுகம் செய்யவேண்டும். அவரும் என்னோடு செருப்புக் காவலில் அமர்ந்திருந்தார். அரசாங்கம் 2025 ஆகஸ்டு 15 முதல் சொந்தக் கார்களுக்குச் சுங்கச்சாவடி வருஷ பாஸ் கொடுக்க ஆரம்பித்ததல்லவா, 3,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷம் அல்லது 200 தடவை என்று? அதை முதல் ஆளாக வாங்கியவர் அவர். வாங்கிய நாளிலிருந்து அவருடைய சுபாவமே மாறிவிட்டது. தூரத்து உறவில் ஒரு காதுகுத்து என்றால் முன்பெல்லாம் மொய்க்கவரைக் கொடுத்தனுப்பிவிடுவார். இப்போது அழைப்பிதழ் வந்தவுடன், போகிற வழியில் சுங்கச்சாவடி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சீர்வரிசையோடு நேரிலேயே புறப்பட்டுவிடுகிறார். கட்டிய பணத்துக்குக் கணக்குத் தீர்க்கவேண்டுமாம்.

"இதுக்கும் ஒரு வருச பாஸ் போட்டுட்டாப் போதுமுங்க சகலை," என்றார் அவர். "வருசம் பூரா எப்ப வேணாலும் வரலாம்னு இருந்தா, இன்னைக்கே அத்தனையும் பாத்துப்போடோணும்னு ஆரு இப்பிடி அடிச்சுப்பிடிச்சு ஓடப்போறாங்க? கூட்டம் தானாக் கொறஞ்சு போகுமுங்க."

கேட்பதற்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து அனஹைம் நகரில், இந்தப் பரீக்ஷையை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள் என்பதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல நேர்ந்தது. அங்கே டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17-ஆம் தேதி திறக்கப்பட்டபோதே, கள்ளச் சீட்டுகளின் உபயத்தால், அழைத்தவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜனங்கள், 28,000 பேர், வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வேலியில் ஏணி சாத்தி, ஆளுக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு உள்ளே இறக்கிவிட்டானென்றும் சொல்வதுண்டு. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, சீமாட்டிகளின் குதிகால் செருப்புகளைப் பிடித்துக்கொண்டது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா, இரண்டில் ஒன்றுதான் தயாராகும் என்ற நிலை வந்தபோது, வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஒரு மேதை என்பதற்கு மிக்கி எலியைக் காட்டிலும் இதையே நான் அத்தாட்சியாகக் கொள்வேன்.

ஆரம்பத்தில் அங்கே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். 1959-இல் வந்த 'ஈ' சீட்டுதான் உயர்ந்த ஜாதி. 1982-இல் அதெல்லாம் ஒழிந்து, ஒரே கட்டணம் என்றாயிற்று. அந்தப் பத்தாண்டிலேயே வருஷ பாஸும் வந்தது. பிற்பாடு அந்த ஊர்க்காரர்களுக்கு அதை மாதத் தவணையிலும் கொடுத்தார்கள் (நம் வி.ஜி.பி. அண்ணாச்சி இதைக் கேட்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார்). விளைவு என்ன? என் சகலை சுங்கச்சாவடியைத் தேடிக் காதுகுத்துக்குப் போகிறாரே, அதுபோல அந்த ஜனங்களும் மாலையில் ஆபீஸ் விட்டதும் ஒரு நடை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நடை, வாண வேடிக்கைக்கு ஒரு நடை என்று, கட்டிய பணத்துக்குக் கணக்குத் தீர்த்தார்கள். சகலையின் பாஸுக்காவது 200 என்று ஒரு வரம்பு உண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை. ஆயுளில் ஒரு தரம் என்று காசு சேர்த்துத் தூர தேசத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்தவன், வரிசையின் வாலில் நின்றுகொண்டு, உள்ளூர்க்காரர்களை வைதான். உள்ளூர்க்காரர்களோ, மழையிலும் பனியிலும் இந்தக் கடைக்கு வியாபாரம் கொடுக்கிறவர்கள் நாங்கள்தாம் என்றார்கள். இரண்டு கட்சியும் பணம் கொடுத்த கட்சிதான்.

கொரோனாவில் பூங்கா மூடிக்கிடந்த சமயம் பார்த்து, 2021 ஜனவரியில் நிர்வாகம் அந்தப் பாஸ்களை ரத்துச் செய்தது. ஆகஸ்டில், முன்பதிவு செய்தால்தான் வரலாம் என்ற நிபந்தனையோடு வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. அவற்றுள் உச்சமான பாஸுக்கு 1,399 டாலர். பாஸ் செல்லாத தடைநாள் எதுவும் கிடையாது என்று விளம்பரம். நாள் டிக்கெட் விற்பனையில் இருக்கும்போதே பாஸ்காரருக்கு மட்டும் இடமில்லை என்கிறார்களே என்று வழக்கு எழுந்து, 95 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. 2022-இல் அந்தக் கம்பெனி தன் வரவு செலவு அறிக்கையில், வருகிறவர்களின் கலவை தனக்கு அநுகூலமாக இல்லை என்று பொருள்பட ஒரு வாசகம் எழுதிவைக்க, பாஸ்காரர்கள், 'அநுகூலமில்லாதவர்கள் நாங்களே' என்று பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பனியன்களாவது எங்கள் ஜில்லாவில் தைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது என் பிரார்த்தனை.

ஊர் திரும்பியபின், டீக்கடைப் பெஞ்சில் பாசன சபைப் பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். அமெரிக்காவைப் பற்றி அவருக்கு எவ்வித ஆச்சரியமும் ஏற்படவில்லை. "இது நம்ம வாய்க்கால் பிரச்சனைதானுங்களே," என்றார். "தலைமடைக்காரன் வாய்க்கால் ஓரத்துல இருக்கறான், நெனச்சப்ப மடையத் தொறக்கறான். கடைமடைக்காரன் நாலு சுத்துத் தண்ணிக்குக் காத்துக் கெடந்து, அதும் வாறதுக்குள்ள அடைச்சுப்போடறாங்க. ஆனாத் தலைமடைக்காரன வெய்யறதுல புண்ணியமில்லீங். ஓடற தண்ணி எத்தனைன்னு தெரிஞ்சும், அதுக்கு மேல ஆயக்கட்டைச் சேத்தினவன் ஆருன்னு கேக்கோணும்."

திருமூர்த்தி அணையின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலப்பரப்பு, 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது என்பதால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து விடுகிறார்கள். முறை நாளுக்காகக் காத்திருப்பதிலும், முறை நாளில் வந்து சேராத தண்ணீருக்காகப் போராடுவதிலும் காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகளுக்கு உள்ள அநுபவம் அனஹைம்காரர்களுக்குக் கிடையாது. பெரும் பொருட்செலவில் அவர்கள் கண்டுபிடித்த முன்பதிவும் தடைநாளும், மண்வெட்டி பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கு அதற்கு முன்பே பாடம். ஆகவே, வருஷ பாஸுக்கு நான் விரோதியல்ல. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வாசலில் எழுதிவைத்து, அந்த எண்ணிக்கை தீர்ந்ததும் கதவைச் சாத்துகிற நெஞ்சுரம் நிர்வாகத்துக்கு இருக்குமானால், உள்ளே இருப்பவர் பாஸ்காரரா நாள் டிக்கெட்காரரா என்பதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. என் ஆட்சேபம் வேறொன்றின்மேல். இரட்டிப்புப் பணம் கொடுத்தவரைத் தனி வழியில், ஒரு மணி நேரமாக நிற்கிற குழந்தைகளின் கண்ணெதிரே, நேராகச் சறுக்குக் குழாயின் வாயில் கொண்டுபோய்விடுகிறார்களே, அந்தத் துரித டிக்கெட்டுக்கு வாய்க்கால் பாஷையில் ஒரு பெயர் உண்டு: கால்வாய்க்குள் மோட்டார் குழாயை விட்டு உறிஞ்சுவது. அதற்கு எங்கள் பக்கத்தில் வழக்குப் போடுவார்கள்.

இந்தச் சித்தாந்தங்களை வைத்துக்கொண்டு குடும்ப சபை கூடியது. அடுத்த தடவை கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போவது என்று ஏகமனதாகத் தீர்மானம். கூட்டமில்லாத நாள் எது? ஞாயிறு கூடாது, விடுமுறை கூடாது, பண்டிகை கூடாது. பள்ளிக்கூடம் திறந்தபின் வருகிற ஒரு செவ்வாய்க்கிழமைதான் உத்தமம் என்று சகலை பஞ்சாங்கம் பார்த்தவரைப் போல அறிவித்தார்.

"பள்ளிக்கூடம் தொறந்துட்டா நாங்க எப்பிடீங்க அப்புச்சி வாறது?" என்றான் பேரன்.

சபையில் நிசப்தம் நிலவியது. பள்ளிக்கூடமும் இல்லாமல், ஆபீஸும் இல்லாமல், செவ்வாய்க்கிழமை பகலில் கையை வீசிக்கொண்டு இருக்கிறவர்கள் அந்தக் கூடத்தில் இருவரே. வருஷ பாஸ் என்று ஒன்று வந்தால் சகல லட்சணங்களும் பொருந்திய பாத்திரங்கள் அவர்களே.

"நீங்களும் உங்க சகலையும் போயிட்டு வாங்க. செருப்புக்குக் காவல் இருக்க என்னைய மட்டும் கூப்படாதீங்க," என்று என் மனைவி எழுந்து போய்விட்டாள். சகலை அதற்கெல்லாம் மனம் தளர்கிறவரல்லர். எங்கள் இருவர் அளவுக்கும் நைலான் கால்சட்டை கிடைக்குமா என்று விசாரிக்க, மறுநாள் காலையில் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போகலாம் என்றார். கொஞ்சம் சுற்றினாலும் பாதகமில்லை, சுங்கச்சாவடி உள்ள வழியாகவே போகலாம் என்றார்.