ஓய்வு பெறாத அம்மி

கேள்வி: மிக்சி வந்த பின்னும் உடன்குடி வீட்டில் அம்மிக்கு இடம் எதற்கு?

பதில்: தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்திற்குப் பின் அரைக்கும் வேலையைப் பெரிதும் இழந்துவிட்ட அம்மிக்கு, அதாவது குழவியை உருட்டி மசாலா அரைக்கும் தட்டைக்கல்லுக்கு, இரண்டு பதவிகள் மிஞ்சியுள்ளன. அம்மி மிதிக்கும் சடங்குள்ள திருமணங்களில் மணமகளின் பாதத்தைத் தாங்குவது ஒன்று. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டை போன்ற அச்சுகளில் ஊற்றி இறுகவைக்கப்படுவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்றதும், மிக்சியின் பிளேடைச் சோதிக்கும் உறுதி கொண்டதுமான உடன்குடிக் கருப்பட்டியை உடைக்க உதவுவது மற்றொன்று. கடைகளில் பாக்கெட் மாவு மலிந்து, கிரைண்டரும் அம்மிக்குப் பக்கத்திலேயே ஓய்வுக்கு வந்துவிட்ட போதிலும், கிரைண்டரை மிதிக்குமாறு எந்தப் புரோகிதரும் மணமகளிடம் கூறுவதில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள தகுதி வேறுபாடு.