நம்பர் போடப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, அமெரிக்காவுல சைக்கிளுக்கு ரோடு போடுத கூட்டத்துல நீ சேந்துட்டேன்னு உங்க அம்மை வந்து பெருமையாச் சொல்லிட்டுப் போனா. குரங்குப் பெடல் அடிச்சு மேலத்தெரு கிணத்துல விழப் பாத்த பயலுக்கு இம்புட்டுப் பெரிய பதவியான்னு எனக்கும் நெஞ்சு நிமிந்துது. பொறவு நீ போன்ல வெவரம் சொன்னதும்தான் தெளிஞ்சுது. ரோடு ஒண்ணும் போடலை, ஏற்கெனவே கெடக்குத ரோட்டுக்கு நம்பர் போடுதீங்க. நல்ல வேலைதாம்டே. சல்லி சுமக்க வேண்டாம், தாரு காய்ச்ச வேண்டாம்.

கோவிச்சுக்காதே. முதல்ல இதை ஆரம்பிச்சவங்களும் புது ரோடு போடலைன்னு நீதானே சொன்னே? 1976-ல அந்த நாட்டுக்கு இருநூறு வயசு. ஊரே வாணவேடிக்கை விட்டுக்கிட்டு இருக்கையில, பர்டன், சைப்பிள்னு ரெண்டு சோடிப் புருசன் பொண்டாட்டி, நாட்டைக் குறுக்கால மிதிச்சே கடப்போம், வாறவன் வான்னு ஆள் திரட்டினாங்க. மேக்கே ஒரிகான்ல அஸ்டோரியா, கிழக்கே வர்ஜீனியாவுல யார்க்டவுன். நடுவுல 4,200 மைலுக்கு மேல. லாரி அதிகம் போகாத பழைய ரோடாப் பொறுக்கி, ஒண்ணோட ஒண்ணைச் சேத்து, மேப் அடிச்சுக் கையில குடுத்தாங்க. 4,000 பேருக்கு மேல மிதிச்சாங்க. முழுத் தூரமும் போனவங்க ஏறக்குறையப் பாதிப் பேரு. அந்த வழி இன்னைக்கும் இருக்கு.

பொறவு சர்க்கார் ஆட்கள் உள்ள வந்தாங்க. 1978-ல மாநில நெடுஞ்சாலைத் துறைகளோட சங்கம் சைக்கிள் வழிக்கு நம்பர் போடுத வேலையைக் கையில எடுத்துச்சு. 1982-ல ரெண்டு வழிக்கு நம்பர் விழுந்துச்சு: வர்ஜீனியா, வட கரோலைனாவுல 1, வர்ஜீனியா, கென்டக்கி, இல்லினாய்ல 76. அதுக்கு ஏன் 76-ன்னு உனக்கு விளக்க வேண்டாம். அதுக்கப்புறம்? 2011-லதான் அடுத்த புது வழிக்கு நம்பர்! பட்டா மாத்த ஆபீஸ் படியேறி முட்டி தேஞ்ச எனக்கு, அமெரிக்காக்காரன் ஃபைலும் முப்பது வருசம் தூங்கும்னு கேட்டதுல மனசு எப்படிக் குளுந்துதுங்கே! 1976 ஆட்களோட சங்கம், மோண்டானாவுல மிசோலா ஊர்ல இருக்கே, அட்வென்ச்சர் சைக்கிளிங்குன்னு, அவங்க தட்டி எழுப்பலைன்னா இன்னும் குறட்டைதான்.

இப்போ 50,000 மைலுக்குத் திட்டம். ஒத்தைப்படை நம்பர் வடக்கு தெக்கா, ரெட்டைப்படை கிழக்கு மேக்கா. காயிதத்துல இழுக்க எம்புட்டு நேரம்? ஆனா எந்த ரோடு எந்த டவுனுக்கு, எந்தக் கவுண்டிக்குச் சொந்தமோ, அத்தனை பேர்கிட்டயும் சம்மதம் எழுதி வாங்கணும். அதுக்குப் பொறவுதான் மாநிலத் துறை மனு போடும், நெடுஞ்சாலைத் துறைச் சங்கத்துக் கமிட்டி பாத்து முத்திரை குத்தும். ஆக உன் வேலை மேப்புல இல்லை, ஊர்க் கூட்டத்துல இருக்கு.

அங்க போய் உடம்புக்கு நல்லது, காத்து சுத்தமாகும்னு ஆரம்பிச்சிராதே, கொட்டாவி விடுவான். சாப்பாட்டுக் கடைக்காரனை முன்வரிசையில உக்கார வை. காருக்காரன் உன் ஊரைப் பாக்காமலே தாண்டிருவான், அறுபது மைல் மிதிச்சு வாறவன் தாண்ட மாட்டான், வந்ததும் ஒம்பது பான்கேக் கேப்பான்னு சொல்லு. கடைக்காரனே உனக்காகப் பேசுவான்.

போர்டு விசயத்தையும் அன்னைக்கே முடிச்சிரு. நம்பர் குடுத்தா போர்டு வச்சே ஆகணும்னு சட்டம் இல்லையாமே. பிள்ளைக்குப் பேரு வச்சுட்டுக் கூப்பிடாமலே இருக்குத கதைதான். கம்பிக்கும் தகரத்துக்கும் யாரு காசுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோ.

இன்னொண்ணு. கிழக்குக் கென்டக்கியில சைக்கிளை விரட்டுத நாய்கள் பேர் போனதாமே. கவுண்டி ஆபீசர் கையெழுத்துப் போட்டுருவாரு, நாய்கிட்ட தடையில்லாச் சான்று யாருடே வாங்குவா? விரட்டுச்சுன்னா இறங்கி, சைக்கிளை நடுவுல வச்சு மெதுவா நடன்னு உங்க மேப்புலயே அச்சடிச்சிருங்க. தாத்தன் பேரு போட வேண்டாம்.

வர்ஜீனியாவுல ஆஃப்டன் மேட்டுல இருந்த ஜூன் கரியம்மா கதையைக் கேட்டப்பதான் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. 1976-ல இரைக்க இரைக்க மேடேறி வந்த பிள்ளைகளுக்குத் தண்ணி குடுத்து, பிஸ்கட் சுட்டுக் குடுக்க ஆரம்பிச்சவ, வருசக்கணக்கா நிறுத்தலையாமே. 'குக்கி லேடி'ன்னே பேராகிப் போச்சு. 2012-ல காலமானா. அவளுக்கு எந்தக் கமிட்டி நம்பர் குடுத்துச்சு? கான்சாஸ்ல சின்ன ஊர்க்காரங்க ஊர்ப் பூங்காவுல கூடாரம் போட்டுப் படுத்துக்கோங்காங்களே, அது எந்த விதியில வருது? உன் மேப்புல மேடு எங்க, பள்ளம் எங்கன்னு குறிக்கையில, அந்த மேட்டுல தண்ணி குடுக்குத வீடு எதுன்னும் விசாரிச்சுக் குறி. அதுக்கு நீ நாலு வாசல்ல நின்னு பேசணும். கம்ப்யூட்டர்ல வராது.

கேக்க மறந்துட்டேன். உங்க கமிட்டி கூடுன போட்டோவை உன் தங்கச்சி காட்டுனா. பின்னால வரிசையா ஏழெட்டுக் காரு நிக்கி. சைக்கிள் ஒண்ணையும் காணோமே, உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களோ? அடுத்த கூட்டம் எம்புட்டு தூரம்? பதினோரு மைலா? சரி, போனை வச்சுட்டு டயருக்குக் காத்தடி.