சேஃப்டி மாமா

சேஃப்டி மாமாவோடு கடலுக்குப் போனால், காலை நனைக்கும் முன் கடலைப் பற்றி ஒரு கூட்டம் நடக்கும். அவர் அதைக் கூட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ‘டூல்பாக்ஸ் டாக்’. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் தொடங்கும்போது ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, மிஷினில் கை வைக்காதே, ஷூ போடு, ஹெல்மெட் வாரை மாட்டு என்று சொல்வார்களே, அதுதான். கம்பெனியில் ஐந்து நிமிடத்தில் மணி அடித்துவிடும். வீட்டில் யார் அடிப்பது?

ஆடி மாதம் பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வரும் சொந்தக்காரர்கள் முதலில் மாமாவைக் கடந்துதான் அம்மனிடம் போக வேண்டும். பொங்கல் வைக்க மூன்று கல்லைக் கூட்டினால் பக்கத்தில் ஒரு வாளி மணல் வந்து உட்கார்ந்துவிடும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கடை வாசலில் சேர வேண்டும் என்பது, ஊரிலிருந்து வேன் கிளம்புமுன்பே வாட்ஸப்பில் போய்விடும். மாமா வீட்டு டிபன் பாக்ஸ், பிளாஸ்க், குடை எல்லாம் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளுக்குக் கம்பெனி கொடுத்தவை. குடையில்கூட ‘விபத்தில்லா உற்பத்தி’ என்று அச்சடித்திருக்கும்.

தண்ணீர் என்றால் அவருக்குத் தனி அக்கறை. பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆரணியாற்றுக் கரையில் முதலில் தெரிவது மாமாவுக்குத்தான். மற்ற மாதங்களில் ஆற்றில் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவர்தான் எங்களுக்கெல்லாம் கடல் வாத்தியார்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியாவின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் இலங்கைக்கு ஓட ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மாமாவின் பிள்ளை பணம் கட்டி, குடும்பத்தையே ஏற்றினான். எல்லாரும் நீச்சல் குளம் எங்கே, சாப்பாடு எங்கே என்று தேட, மாமா லைஃப்போட்டுகளை எண்ணப் போய்விட்டார்.

அந்தக் கப்பலில் மாமா வாய்விட்டு மகிழ்ந்த ஒரே நிகழ்ச்சி அபாயப் பயிற்சி. சங்கு ஏழு முறை குறுக்கமாகவும் ஒரு முறை நீளமாகவும் ஊத வேண்டும். ஊதினார்கள். மாமா விரல் விட்டு எண்ணினார். சரியாக இருந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அன்று இரவு பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “முன்னெல்லாம் கப்பல் கெளம்பி இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள இத பண்ணா போதும்னு விட்டுட்டாங்கப்பா. 2012 ஜனவரில இத்தாலிகிட்ட கோஸ்டா கான்கார்டியா பாறைல மோதி 32 பேர் போனாங்க பாரு, அப்பறந்தான் கெளம்பறப்பவே நடத்தணும்னு ரூல இறுக்குனாங்க.” பக்கத்து மேசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

திருகோணமலையில் இறங்கி, கோணேசுவரரைக் கும்பிட்டுவிட்டு உப்புவெளிக் கடற்கரைக்கு வேன் பேசிப் போனோம். கரையில் கயாக் வாடகைக்கு இருந்தது. இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகு, மேலே திறந்தது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாயிற்று. வாடகைக்கு விட்ட பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டான். மாமா தொண்டையைச் செருமினார்.

“எப்பா, எல்லாரும் இப்டி வாங்க. மொதல்ல ஹெட் கவுண்ட்.”

எண்ணினார். தன்னை விட்டுவிட்டார். மறுபடி எண்ணினார். அடுத்தது லைஃப் ஜாக்கெட் சோதனை. ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். ஜாக்கெட் காது வரை வந்தால் தளர்ச்சி என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். மாமா தூக்கிய தூக்கில் என் மச்சினன் ஜாக்கெட்டோடு சேர்ந்து அரையடி எழும்பினான். அதற்குப் பிறகு துடுப்பு. எந்தப் பக்கம் உட்குழிவு, எந்தப் பக்கம் வெளிக்குவிவு. அதற்குப் பிறகு விசில்: ஒரு முறை ஊதினால் ‘என்னைப் பார்’, மூன்று முறை ஊதினால் ஆபத்து. “ரெண்டு தடவ ஊதுனா?” என்று சின்னவள் கேட்டாள். “அதுக்குத்தான் வரேன்” என்று அதற்கு ஒரு கிளை உரை.

உச்சம் இனிமேல்தான். கயாக் கவிழ்ந்தால் தண்ணீருக்குள்ளிருந்து எப்படித் திரும்ப ஏறுவது என்பதை மணலிலேயே காட்டினார். ஒரு பாயை விரித்து, இதுதான் படகு என்றார். பக்கவாட்டில் வந்து, காலை உதைத்து, வயிற்றைப் போட்டு, குப்புற விழுந்து, மல்லாந்து திரும்பி, உட்கார்ந்தார். எங்களையும் ஒவ்வொருவராகச் செய்யச் சொன்னார். தூரத்தில் படுத்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் யோகா வகுப்பு என்று நினைத்து, துண்டை எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மாமா அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

“ஐயா, நேரம் போகுது” என்றான் பையன். “அதோட கச்சான் அடிக்குது. கனதூரம் போக வேணாம்.”

மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. அதனால் கரையோரம் அலை அடங்கி, குளம் போலக் கிடக்கும், ஆனால் மிதப்பதை எல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டு போகும் என்று பையன் சொல்லச் சொல்ல, மாமா சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அதையே திரும்ப எங்களுக்குச் சொன்னார்.

எடை கூடியவர், திசை பார்ப்பவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடும் தாளத்துக்குப் பின்னவர் ஒத்துப் போக வேண்டும். முதல் பாதி மாமாவுக்குச் சம்மதம். என்னை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் அமர்ந்து, துடுப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஃபோர்க்லிஃப்டை ரிவர்ஸ் எடுக்கவைப்பது போல, “வா... வா... லெஃப்ட் ஒடி... ஸ்டாப்!” என்று மேற்பார்வை பார்த்தார். நான் ஒருவன் இழுக்க, படகு அதே இடத்தில் பிரதட்சிணம் செய்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஓட்டல் மாடியின் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நாங்கள் சிரித்தோம். பேச்சும் போட்டோவுமாக இருந்தபோது மூன்று விசில் கேட்டது. தொட்டி தென்னையை விட்டு எங்கோ விலகிப் போயிருந்தது. மூன்று படகும் திரும்பின. எதிர்க்காற்றில் மூச்சு வாங்கியது. மாமாவும் துடுப்பை எடுத்துப் போட்டார், நன்றாகவே போட்டார். கரை ஏறியதும் யாரையும் ‘பாத்தியா’ என்று கேட்கவில்லை.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. எங்கள் ஊர் ஆரணியாறு போய்ச் சேரும் ஏரி அது. அதைப் பற்றி மட்டும் மாமா டூல்பாக்ஸ் டாக் எதுவும் கொடுத்ததில்லை.

இவ்வளவு நல்லவர்மேல் எனக்கு ஏன் கோபம் என்றால், அத்தைக்காக. மாமாவின் இருக்கைப் பட்டியலில் ஒவ்வொரு படகுக்கும் முன், பின் என்று பெயர் இருந்தது. அத்தையின் பெயருக்கு நேரே ‘கரை – பை’ என்று இருந்தது. மாமல்லபுரத்திலும் அப்படித்தான். ஒகேனக்கல் பரிசலிலும் அப்படித்தான். “எனக்கெதுக்குப்பா, நீங்க போய்ட்டு வாங்க” என்று அத்தை சொல்வதை எல்லாரும் வசதியாக நம்பிவிடுகிறோம். கப்பலேறிக் கடல் தாண்டி வந்த மனுஷி வெயிலில் மணலில் உட்கார்ந்து, பிள்ளைகளின் செருப்பைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் யாருக்கும் அடிபடக் கூடாது, நனையக் கூடாது, தொலையக் கூடாது. அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. அத்தை ஒரு தடவை தண்ணீரில் இறங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

வேனில் திரும்பும்போது கேட்டேவிட்டேன். மாமா நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

“அப்ப பைய யாருப்பா பாத்துப்பா?”

பர்ஸ், நகை எல்லாவற்றையும் கப்பல் அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் அவரே பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பையில் இருந்தது மூன்று துண்டு, பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட், விபத்தில்லா உற்பத்திக் குடை.