தன்வினை, பிறவினை

காலை ஆறரை மணிக்கு சலூனுக்கு வரும் பேப்பரை எங்கள் தெருவில் சாருக்கு முன்னால் யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் கைபடாத பேப்பரில் சுவை இருக்காது என்பது முடி வெட்டும் அண்ணனிலிருந்து கீரைக்கார அம்மா வரை எல்லோருக்கும் தெரியும்.

சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். ‘ரத்து’ என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அதன் தலைமேல் ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லை எழுதுவார். ‘பாசஞ்சர் ரயில் ரத்து’: கேன்சல். ‘கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து’: செட் அசைட். ‘எஃப்.ஐ.ஆர். ரத்து’: க்வாஷ். ‘சாலை ஒப்பந்தம் ரத்து’: ரிசிண்ட். ‘ஓட்டுநர் உரிமம் ரத்து’: ரிவோக். 2021இல் வேளாண் சட்டங்கள் மூன்றும் போன அன்று முதல் பக்கத்தில் ‘ரிபீல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். விவசாயிக்கு இருந்த மகிழ்ச்சியைவிட அவருக்குத்தான் அன்று அதிகம்.

“ரத்துங்கிறது அரபியில பொறந்து, உருது வழியா நம்ம கச்சேரிக்குள்ள நுழைஞ்ச சொல்லு. ஒத்தைச் சாவிய்யா அது. எல்லாப் பூட்டையும் தொறக்கும். வெள்ளைக்காரன் பூட்டுக்குப் பூட்டு தனிச் சாவி வச்சிருக்கான். சாவி மாறிப் போட்டா பூட்டு கெட்டுப்போகும்” என்பார்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். டெரிகாட்டன் அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் அட்டை போட்ட டிக்ஷனரி. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி வருவதற்குள் ஓய்வு வந்துவிட்டதால், அந்தக் குறையைச் சிவப்பு மையில் தீர்த்துக்கொள்கிறவர். எங்கள் சாருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘ரிவோக் சார்’. காரணம், எல்லா வினைச்சொற்களிலும் அவருக்குக் குலதெய்வம் அதுதான்.

“ரிவோக்குன்னா லத்தீன்ல திரும்பக் கூப்பிடுறது. யாரு கூப்பிடலாம்? அனுப்பினவன்தான் கூப்பிடலாம். பாஸ்போர்ட் குடுத்தவன் பாஸ்போர்ட்டை ரிவோக் பண்ணலாம். உயில் எழுதினவன் உயிலை ரிவோக் பண்ணலாம். 1977 மார்ச் 21ஆம் தேதி எமர்ஜென்சியை என்ன பண்ணாங்க? ரிவோக் பண்ணாங்க. ரிபீல் பண்ணலை. ஏன்? அது சட்டம் இல்லை, பிரகடனம்!”

கத்தரிக்கோல் நின்றிருக்கும். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவர், “எமர்ஜென்சி போனது போதும் சார், என் இந்தப் பக்கத்தை முடிக்கச் சொல்லுங்க” என்று கெஞ்சுவார்.

கேன்சல் என்ற சொல்மேல் மட்டும் சாருக்குக் கொஞ்சம் இளக்காரம். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கம்பித் தடுப்பு என்று பொருளாம். எழுதியதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தால் கம்பி போட்டதுபோல் இருக்குமே, அதனால் அந்தப் பெயர். “நீ செக்குல ரெண்டு கோடு இழுத்து அடிக்கிறியே, அதுதான் கேன்சல். கோர்ட்டுல அந்தக் கம்பிக்குப் பக்கத்துல நின்ன வாசக்காவல்காரன்தான் பின்னாடி சான்சலர் ஆனான்” என்பார். பல்கலைக்கழக வேந்தரை வாசற்படியில் நிறுத்திய பூரிப்பு அவர் முகத்தில் தெரியும். பால்காரரிடம் “நாளைக்குப் பால் கேன்சல்” என்று யாராவது சொன்னால் ஜன்னலைத் திறந்து, “கவுண்டர்மாண்ட்னு சொல்லுங்க! போட்ட ஆர்டரை நிறுத்தறதுக்கு அதுதான்!” என்று குரல் கொடுப்பார். பால்காரர் அதைப் புதுப் பால் பாக்கெட்டின் பெயர் என்று நினைத்து, அது டெப்போவில் வருவதில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்.

நல்லது கெட்டது பார்க்காமல் இந்த வித்தையைக் காட்டுவதுதான் சிக்கல். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. தெருவே வாய்பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. சார் போனார். பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க. இதை யாரும் அனல்னு சொல்ல முடியாது. நடந்த கல்யாணத்தைக் கோர்ட்டு செல்லாதுன்னு சொன்னாத்தான் அனல். 1955 இந்து திருமணச் சட்டம், பன்னிரண்டாம் பிரிவு. உங்களுக்கு அந்த அனலே இல்லை.”

பெண்ணின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அனல் இல்லையா? அடிவயித்துல கைவச்சுப் பாருங்க சார்.”

அன்று சார் பதில் சொல்லாமல் எழுந்து வந்ததாகக் கேள்வி. வீட்டுக்கு வந்து டிக்ஷனரியைத் திறந்தாரா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறது. நான் அவருடைய செக்‌ஷனில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். ரெமிங்டன் மிஷின் தடதடத்த காலம். அவர் ‘ரிசிண்டட்’ என்று சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் அம்மா ‘ரீசண்ட்’ என்று அடித்து, ‘இந்த உத்தரவு இதன்மூலம் சமீபத்தியது’ என்ற பொருளில் ஒரு கடிதம் ஏழு தாலுகாவுக்கும் போய்விட்டது. ஒரு தாலுகாவிலிருந்தும் சந்தேகம் கேட்டு எழுதவில்லை. “படிச்சிருந்தா கேட்டிருப்பான்” என்றார் சார். அந்தத் துக்கம் அவருக்கு ஒரு வாரம் இருந்தது.

என் டிராஃப்டுகள் அவர் மேசையிலிருந்து திரும்பும்போது அம்மை போட்டதுபோல் சிவந்திருக்கும். “சஸ்பென்ஷனை கேன்சல்னு எழுதாதே தம்பி. அது என்ன ரயிலா? ரிவோக்குன்னு எழுது. கேன்சல்னா அந்த உத்தரவே பொறக்கலைன்னு ஒருத்தன் வாதாடுவான். ரிவோக்குன்னா, பொறந்தது, இருந்தது, இன்னையோட திரும்பக் கூப்பிட்டாச்சு. நடுவுல போன நாளுக்குத் தனி உத்தரவு. ஒரு வெர்புல ஒருத்தன் சம்பளம் இருக்குய்யா!”

இதெல்லாம் பிறவினை. தன்வினை பிறகு வந்தது.

புதிதாக வந்த மேலதிகாரி, வருகைப் பதிவேடு பற்றிய பழைய சுற்றறிக்கை ஒன்றை நீக்கித் தன் கையாலேயே பச்சை மையில் எழுதினார். எழுதிய சொல், ரிபீல். ஃபைல் கீழே இறங்கி வந்தது. நாங்கள் எல்லோரும் சாருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை சிவப்புப் பேனாவுக்குப் போனது. “சார், வேண்டாம்” என்றேன். ஓரத்தில் எழுதினார்: ‘ரிபீல் செய்வது சட்டமன்றத்தின் வேலை. அது நம் மாடியில் எப்போது கூடியது என்று தெரிவித்தால் நலம்.’

மறுநாளே ஒழுங்கு விதி செவன்டீன் ஈ. மேலதிகாரியை அவமதித்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். பிழைப்பூதியம் என்ற பெயரில் ஏறக்குறைய பாதிச் சம்பளம். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்த அலுவலக உதவியாளர் வந்து சொன்னார்: “ஒரு கமா விட்டுப்போச்சாம். போட்டுக் கையெழுத்துப் போட்டாரு.”

அந்த அதிகாரி மாறுதலாகி, அடுத்தவர் வந்து ஃபைலைப் புரட்டி, சிரித்து, “இவரை உள்ள எடுங்கப்பா, டிராஃப்ட் வை” என்று என்னிடம் சொல்லும்போது 47 நாள் ஆகியிருந்தது. அவசரத்தில் நான் ‘கேன்சல்’ என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதும், அது என்ன ரயிலா என்று காதோரம் ஒரு குரல் கேட்டது. அடித்துவிட்டு ‘ரிவோக்’ என்று திருத்தினேன். கமாக்களை மூன்று முறை எண்ணினேன். பச்சைக் கையெழுத்து விழுந்தது.

நானே எடுத்துப்போனேன். வாசல் விளக்கடியில் நின்று படித்தார். பை பக்கம் கை போனது, பேனா வெளியே வந்தது, எனக்கு வியர்த்தது. வரிவரியாக இறங்கிய பேனா, கடைசி வரிக்குப் போய்ச் சும்மா நின்றது. மூடியைப் போட்டுப் பையில் செருகிக்கொண்டார்.

“டிராஃப்ட் யாரு?”

“நான்தான் சார்.”

“நீ பழையபடி கேன்சல்னு எழுதியிருந்தா, அந்த உத்தரவே பொறக்கலைன்னு வாதாடி 47 நாளையும் டியூட்டின்னு கேட்டிருப்பேன். இப்ப லீவுதான் எழுதிக் குடுக்கணும்.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளைத் தட்டினார். “ஆனா சரியா எழுதியிருக்கேய்யா!”

சரண்டர் செய்யலாமென்று பொத்திப் பொத்திச் சேர்த்த ஈட்டிய விடுப்பிலிருந்து 47 நாள் கழிந்தது. அதற்காக அவர் ஒருநாளும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அந்த உத்தரவின் நகலை மாதிரியாகக் காட்டினார்.

போன வாரம் சலூனில் பேப்பரைத் திருத்தி முடித்து மடித்து வைத்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: “சார், அந்த 47 நாள்... அதுக்கு எந்த வெர்ப்?”

டிக்ஷனரி மடியிலேயே இருந்தது. திறக்கவில்லை.

“அதுக்கு இங்கிலீஷ் எதுக்குய்யா? போச்சு. அவ்வளவுதான்.”