பேக்கனின் ஆறு பாகங்கள்

மனித அறிவு முழுவதையும் அடியிலிருந்து புதுப்பிக்கப் பிரான்சிஸ் பேக்கன் போட்ட திட்டத்துக்கு ஆறு பாகங்கள். அதற்காக 1620இல் வந்த நூலின் முகப்பில் ஹெர்குலிஸ் தூண்களுக்கிடையே கப்பல் பாய்விரித்து வருகிறது. உள்ளே பெரும்பாலும் இரண்டாம் பாகம்தான், அதுவும் அரைகுறை. ஆறாவதை வருங்காலத்தாரின் தலையில் கட்டிவிட்டார். மனத்தை ஏமாற்றும் பொய்த்தெய்வங்கள் நான்கு என்று இந்நூலில் வகுத்தவர், பணத்தைச் சேர்க்கவில்லை.

மறு ஆண்டே, இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக இருந்தவர் வழக்காடிகளிடம் கைநீட்டியதை ஒப்புக்கொண்டு பதவியிழந்தார். அபராதம் 40,000 பவுண்டு. வாங்கியது உண்மை, நீதியை விற்கவில்லை என்றார். வகைபிரிப்பதில் வல்லவர் அல்லவா!

1626இல், கோழிக்குள் பனியைத் திணித்து இறைச்சி கெடாமல் இருக்குமா என்று சோதித்ததில் குளிர் தாக்கி இறந்தார் என்பது வாழ்க்கைக் குறிப்பாசிரியர் ஜான் ஆப்ரி சொன்ன கதை. சோதனை அருமையாக வெற்றி பெற்றதாகப் படுக்கையில் கிடந்தபடியே அருண்டல் பிரபுவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்.