விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி!

கேள்வி: ஆன்லைன் ரம்மியில் 500 ரூபாய் போனதும் எழுந்திருக்கலாம். 50,000 போன பிறகும் ‘விட்டதைப் பிடிக்காமல் விடமாட்டேன்’ என்கிறாரே என் மச்சான், ஏன்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மச்சான் இப்போது ஜெயிக்க ஆடவில்லை, தோற்றவனாக எழுந்திருக்க மனசு வராமல் ஆடுகிறார். 100 ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட, அதே 100 தொலைகிற வலி பெரிது. அந்த வலியைப் போக்க மனுஷன் எதற்கும் துணிவான் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். தோற்கத் தோற்க ஆசை கூடும் என்று வள்ளுவர் 940-வது குறளிலேயே சொல்லியாயிற்று!

போதாக்குறைக்கு, ‘ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால்...’ என்ற ஏக்கம் வேறு. மயிரிழையில் தோற்றதை, ஜெயிக்கப்போவதன் அறிகுறியாக மூளை எடுத்துக்கொள்கிறது.

‘இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்தது நமக்குத்தான்’ என்ற கணக்கும் பொய். 1913 ஆகஸ்ட் 18. மான்டி கார்லோ சூதாட்ட விடுதி. ரூலட் சக்கரத்தில் சுழலும் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்புக் கட்டத்திலேயே விழுந்தது. ‘அடுத்தது சிவப்புதான்’ என்று கட்டியவர்கள் ஓட்டாண்டியானார்கள். பந்துக்கு ஏது ஞாபகசக்தி? சீட்டுக்கும் கிடையாது.

முதலில் மச்சான் போனிலிருந்து அந்த ஆப்பை நீக்குங்கள். அப்படியும் கை பரபரத்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இது திமிர் அல்ல, நோய். விட்டதைப் பிடிக்க ஒரே வழி, விட்டதை விட்டுவிடுவதுதான்!