திங்கட்கிழமை லீவும் கால வழுவமைதியும்: ஆங்கில நன்றி மடல் ஒன்றின் பாடபேத ஆராய்ச்சி

செய்ந்நன்றியறிதலை வள்ளுவர் 11ஆம் அதிகாரத்தில் வைத்துப் பத்துக் குறளில் முடித்துவிட்டார். அந்த நன்றியை ஆங்கிலத்தில் எழுதி மேனேஜருக்கு அனுப்பி, எச்.ஆருக்கும் ஒரு பிரதி போடுவது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. ரே டாம்லின்சன் 1971இல் கணினி விட்டுக் கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டிய பிறகாவது நம் அறிஞர்கள் இக்குறையைக் கவனித்திருக்கலாம். அவர்களோ வள்ளுவர் பிறந்த ஆண்டு எது என்ற சண்டையில் மும்முரமாக இருந்தார்கள். அந்தச் சண்டை முடிந்ததும் வருவார்கள். அதுவரை அடியேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் ஒரே ஒரு மடல். சென்னை ஓ.எம்.ஆரில், தமிழ்வழியில் படித்து வேலைக்கு வந்த ஊழியர் ஒருவர், வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததற்கு மேனேஜருக்கு நன்றி சொல்லி, அதே மூச்சில் திங்கட்கிழமையையும் கேட்டு எழுதியது. ஊழியர் கற்பனை, மடல் பொதுச்சொத்து. இனி இவரை மடலாசிரியர் என்போம்.

நன்றி மடல் மூவகைப்படும். காரியம் முடிந்தபின் எழுதுவது ஒன்று, முடியும் முன் எழுதுவது ஒன்று, முடியவே முடியாது என்று தெரிந்தும் எழுதுவது ஒன்று. முதலாவது எளிது. மூன்றாவது அரசு அலுவலகங்களுக்குரியது, விரிவஞ்சி விடுத்தனம்.

மடலின் ட்ராஃப்ட் ஏடுகள் நான்கு கிடைத்துள்ளன. ஜிமெயிலின் குப்பைப் பெட்டிக்குப் போனது 30 நாளில் அழிந்துவிடும். கறையான்கூட ஓலைச்சுவடிக்கு இதைவிட அதிக அவகாசம் கொடுத்தது. முதல் ஏட்டில் 'தேங்க்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. மடலாசிரியருக்கே இது மொட்டையாகப் பட்டிருக்கிறது. டீக்கடையில் 'தேங்க்ஸ்ங்க' என்றால் மரியாதை முழுவதையும் அந்த 'ங்க' சுமந்துகொள்ளும். ஆங்கிலத்தில் அதை மாட்டுவதற்கு ஆணி இல்லை. ஆகவே இரண்டாம் ஏட்டில் ஒரு 'சார்' வருகிறார். மூன்றாம் ஏட்டில் தலைமாட்டில் 'ரெஸ்பெக்டட் சார்', இடுப்பில் 'கைண்ட்லி', கால்மாட்டில் 'யுவர் குட்செல்ஃப்'. நான்காம் ஏட்டில் ஆச்சரியக்குறி. பெயர் சொல்லியே கூப்பிடு என்று மேனேஜர் சொன்னபிறகும் பெயருக்குப் பின்னால் 'சார்' ஒட்டிக்கொள்வது புறனடையாற் கொள்ளப்படும்.

'தேங்கிங் யூ' என்பது தொல்லெச்சம். பள்ளிக்கூட லீவ் லெட்டரில் 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பதோடு சேர்த்து மனப்பாடம் செய்தது. அதனால்தான் அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்கும்போதும் மடலாசிரியருக்கு லேசாக உடம்பு சுடுகிறது.

'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' தானாக விழும் கையெழுத்து. திட்டி எழுதும் மடலிலும் விழும்.

எஞ்சியது கடைசி வரி: 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்.' ஆய்வாளன் பிழைப்பே இங்குதான். திங்கட்கிழமை இன்னும் கிடைக்கவில்லை. நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது. இது வழுவா, வழுவமைதியா? விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் காலம் மயங்கி வரலாம் என்று நம் இலக்கணம் இடம் தருகிறது. தொல்காப்பிய உரையில் ஒருவன் வருவான். இன்னும் சாப்பிட்டே இருக்கமாட்டான். வெளியே காத்திருப்பவன் அவசரப்படுத்த, சாப்பிட்டாயிற்று, வந்தாயிற்று என்று இறந்த காலத்தில் பதில் கொடுப்பான். வருங்கால லீவுக்கு நிகழ்கால நன்றி சொன்ன நம் மடலாசிரியர் அவனுடைய பங்காளி.

விரைவே காரணம் என்பர் ஒரு சாரார்: பயம் வந்து கையைப் பிடிப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டார் (லிஃப்ட் உரை, 3ஆம் மாடி). தெளிவே காரணம் என்பர் மற்றொரு சாரார்: லீவு உறுதி என்று அவருக்குத் தெரியும் (லிஃப்ட் உரை, 5ஆம் மாடி, இடையில் ஒருவர் ஏறியதால் வாதம் முறிந்தது). தெளிவுடையவர் நான்கு ட்ராஃப்ட் எழுதியது ஏன் எனின், அவர்க்கு விடையின்று.

இருவரையும் மறுத்து எழுந்தது வீட்டு புரோக்கர் மரபு. சென்னையில் அட்வான்ஸ் என்றால் வீட்டு அட்வான்ஸ். பத்து மாத வாடகை வாங்குவது இவ்வூர் வழக்கு; 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 3 மாதம் என்று வரம்பு கட்டியது; சட்டம் வேறு, வழக்கு வேறு. எப்படியாயினும் காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய பணம் அது. எனவே திங்கட்கிழமை லீவு மறுக்கப்பட்டால் மேனேஜர் அந்த நன்றியைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். முழுசாகவா எனின், அன்று; வெள்ளையடித்த செலவும் கரன்ட் பாக்கியும் போக மீதி (புரோக்கர் வாய்மொழி; ஓடும் பைக்கின் பின்சீட்டிலிருந்து கேட்டது; ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தமையால் இறுதி இரு சொற்கள் சிதைந்துள்ளன; அவை 'கமிஷன்', 'தனி' என்று ஊகிக்கலாம்). நன்றியை மேனேஜர் கையில் வைத்திருந்த நாட்களுக்கு வட்டி உண்டா? அரை நாள் லீவு மட்டும் கொடுத்தால் 'தேங்க்' நமக்கு, 'யூ' அவருக்கு என்று பிரித்துக்கொள்வதா? இவை பன்னாட்டுக் கருத்தரங்கில் விவாதிக்கப்படும். கட்டணம் கட்டியாகிவிட்டது, ஆகவே கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. கட்டுரைக் கோவைக்கு ஐ.எஸ்.பி.என். உண்டு. வாசகர் உண்டா என்பது கருத்தரங்கின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அமர்வுத் தலைவர் என் கட்டுரையைப் படிக்காமலே பாராட்டுவார் என்று நம்பி, அவருக்கும் முன்கூட்டியே நன்றி எழுதிவிட்டேன்.

மடல் போனபின் 30 விநாடிக்குள் அதைத் திரும்ப இழுக்க ஜிமெயில் இடம் கொடுக்கிறது. இக்காலத்தைச் சிறுபொழுது ஆறனுள் எதில் அடக்குவது என்று தெரியவில்லை. மடலாசிரியர் இழுத்தார், 'ரிகார்ட்ஸ்' எழுத்துகளைச் சரிபார்த்தார், மறுபடி அனுப்பினார்.

பதில் வந்தது. சொல் இல்லை, மேனேஜர் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நன்றியை ஏற்றுக்கொண்டாரா, திங்கட்கிழமையைக் கொடுத்தாரா, படித்தேன் என்கிறாரா என்று மூன்று பொருள்கோளுக்கும் இடம் தருகிறது அந்த விரல். ஒன்று மட்டும் துணிந்து சொல்லலாம். மேலே இருப்பவர் கட்டைவிரலைக் கேட்பதுதான் ஏகலைவன் காலத்து மரபு. கம்பெனியில் அவரே கொடுத்துவிடுகிறார். கேட்கும் பழைய மரபைச் சிதையாமல் காத்து வருபவர்கள் முனைவர்பட்ட வழிகாட்டிகளே.